ஆலப்பாக்கம் தாண்டிவிட்டோம்

கடலூர்க்காரனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் விஷயத்தில் உண்மை அதுதான். சில்வர் பீச்சில் அலை முழங்காலைத் தொட்டால் தலை சுற்றும். ஓ.டி. என்கிற பழைய டவுன் துறைமுகத்தில் கட்டிப் போட்ட படகு லேசாக ஆடுவதைக் கரையில் நின்று பார்த்தாலும் வயிற்றைப் பிசையும். அப்படிப்பட்டவன் மனைவிக்காகக் கப்பல் ஏறினேன் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இருக்காது.

அனுப்பிரியா மேடம், ஒரே பக்கத்தில் முடிக்கச் சொன்னீர்கள். "வாயால பேச விடாத, சிரிக்க வச்சுடுவாரு, எழுதி வாங்கு" என்று அருள்மொழி சொன்னதாகவும் சொன்னீர்கள். இருபத்தோரு வருடக் குடித்தனத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் இதுதான் கொஞ்சம் பாராட்டு மாதிரி இருக்கிறது. நீங்கள் அவளோடு படித்தவர், இப்போது அவளுடைய வக்கீல். எனக்கு எதிர்க்கட்சி. ஆனாலும் நேற்று உங்கள் ஆபீஸில் எனக்கு மட்டும் டீயில் சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னீர்கள். என் சுகர் உங்களுக்கு ஞாபகம் இருந்தது. அதற்காகவாவது நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அன்றைக்குப் போனில் என் மச்சான் தில்லைநாதன் கடைசியாகச் சொன்ன வாக்கியம் என் காதில் விழுந்ததா, இல்லையா. விழவில்லை என்றால் அருள்மொழி சிதம்பரத்திலிருந்து மஞ்சக்குப்பம் வீட்டுக்குத் திரும்பி வருவாள். விழுந்தது என்றால் வர மாட்டாள். ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்றீர்கள். ஒரு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்தவனாக இருந்தால் இந்த நிலைமைக்கே வந்திருக்க மாட்டேன்.

என் பெயர் இளவரசு. பெயரைத் தாண்டி ராஜ குடும்பத்தோடு எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கரப்பான்பூச்சியை அடிக்கச் சொன்னால் முறத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடுகிற ஆள். எனக்கு இரண்டு கெட்ட பழக்கம். ஒன்று, எதற்கும் ஒரு தமாஷ் சொல்லிவிடுவது. இன்னொன்று, எங்கே இருந்தாலும் யார் கூப்பிட்டாலும் "வந்துகினே இருக்கேன்" என்பது. இடுப்பில் துண்டோடும் வாயில் பிரஷ்ஷோடும் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறேன். நம் பக்கத்தில் இதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள். கூப்பிடுகிறவருக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

அதைப் பொய்யாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் என் மாமனார் சடையப்பன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, எத்தனை நிமிடம் லேட் என்று எழுதியே தலை நரைத்தவர். ரிட்டையர் ஆன பிறகு எழுத வண்டி இல்லை. எங்களை எழுத ஆரம்பித்தார்.

கல்யாணம் ஆன புதிது. விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போன் வந்தது. "இப்ப எங்க?" என்றார். நான் வீட்டில் சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தேன். "ஆலப்பாக்கம் தாண்டிட்டோம் மாமா" என்றேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் இருக்கிற ஊர் அது. "அப்ப முப்பத்தஞ்சு நிமிஷம்" என்று வைத்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "நடுவுல எங்க மாப்ள எறங்கி நடந்தீங்க?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. உள்ளே போய், சுவரில் தொங்கிய தினக் காலண்டர் தாளில் பென்சிலால் எழுதினார்: மாப்பிள்ளை, 40 நிமிடம் லேட். இருபத்தோரு வருடத்தில் அப்படி எத்தனை தாள் என்று தெரியாது. எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததில்லை. மாதம் ஒருமுறை அவருக்கு நெல்லிக்குப்பத்தில் காராபூந்தி வாங்கிக்கொண்டு போவேன். லேட்டாகத்தான் போவேன்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எங்கேயாவது கிளம்பினால் அவருக்கு உடம்புக்கு வந்துவிடும். ஊட்டிக்கு டிக்கெட் போட்டோம், நெஞ்சு வலி. அடித்துப் பிடித்துக்கொண்டு போனால் வெறும் கேஸ் ட்ரபுள் என்றார்கள். கோவாவுக்குக் கிளம்பினோம், பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். சுண்டுவிரலில் ஒரு பிளாஸ்திரி. தாய்லாந்துக்குப் பணம் கட்டினோம், உலகத்துக்கே கொரோனா வந்தது. அதற்கு மட்டும் மாமனாரைக் குறை சொல்ல முடியாது. மூணாறுக்குப் போகிற அன்று மூச்சு இழுக்கிறது என்று போன். நாங்கள் போய் இறங்கும்போது கட்டிலில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

அதனால்தான் கப்பலைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் காலை அங்கேயே இறக்கிவிடுவார்கள். "சொன்னாதாங்க அப்பாவுக்கு ஏதாவது ஆவுது. சொல்லாம போயிட்டு வந்து சொல்லிக்கலாம்" என்று ஐடியா கொடுத்தது அருள்மொழிதான். அவள்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. பழி போடத்தான் எழுதினேன். எழுதிய பிறகு வெட்கமாக இருக்கிறது. அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன், அவளும் படிக்கட்டும்.

பக்கத்து வீட்டாரிடம், தாம்பரத்தில் ஒரு கல்யாணம் என்று சொல்லியிருந்தோம். அந்தப் பொய்க்காகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். துறைமுகத்தில் கப்பலேறுகிறவர்கள் காத்திருக்கும் ஹாலில் உட்கார்ந்ததும், "இந்தப் பொடவையோட கப்பல் ஏறுனா கடலுக்குச் சீர் கொண்டு வந்தாப்புல இருக்கும், மாத்திகினு வரேன்" என்று சுடிதாரை எடுத்துக்கொண்டு பாத்ரூம் போனாள். சுடிதாரில் பாக்கெட் கிடையாது. போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அது என் சட்டைப் பையில் இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

மணி பன்னிரண்டு இருபது. போன் அடித்தது. "தம்பி" என்று வந்தது.

"அக்கா."

"நான்தான் மச்சான்."

"மாமா, அப்பாவுக்கு முடியல. அக்காவக் கூட்டிகினு உடனே வாங்க."

"வந்துகினே இருக்கோம் மச்சான்."

"நான் இப்பத்தான மாமா சொல்றேன். அதுக்குள்ள எப்பிடிக் கெளம்புனீங்க?"

நியாயமான கேள்வி. வாய் முந்திக்கொண்டதற்கு நான் என்ன செய்ய. "சும்மாதான், மாமாவப் பாத்துட்டு வரலாம்னு காலையிலயே கெளம்பிட்டோம்" என்றேன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லவேள மாமா. அப்பா அக்காவத்தான் கேட்டுகினு இருக்காரு. இருங்க, அவுரு கிட்ட குடுக்கறேன்."

மாமனார் குரல் வந்தது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது. காற்றில் ஒரு வார்த்தை.

"எங்க?"

"ஆலப்பாக்கம் தாண்டிட்டோம் மாமா."

கொஞ்சம் மூச்சு. பிறகு, "முப்பத்தஞ்சு."

மறுபடி தில்லைநாதன் வாங்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அத்தோடு லைன் போய்விட்டது. இதுவரைக்கும் எல்லோரிடமும் நான் சொல்லியிருப்பது இதுதான். வழக்கம்போல இடியாப்பக் கேஸ் என்று நினைத்துவிட்டேன் என்பது என் தரப்பு. கேட்டவர்களும் நம்பினார்கள். மூன்று முறை ஏமாந்தவன் நான்காவது முறை ஏமாறாமல் இருக்கப் பார்த்தான், அவ்வளவுதானே என்று எங்கள் மேனேஜர்கூடச் சொன்னார்.

அருள்மொழி சுடிதாரில் வந்து நின்றாள். "எப்டி இருக்கு?"

"காலேஜ் பொண்ணு மாதிரி இருக்க. கூட நிக்கறவன்தான் ஹாஸ்டல் வார்டன் மாதிரி இருக்கான்."

"மூஞ்சி ஏன் இப்டி இருக்கு?"

"கடல் ஒத்துக்கல."

"இன்னும் கப்பலே ஏறல."

"எனக்குப் பாத்தாலே அப்டித்தான்."

சிரித்தாள். ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அந்த இடத்தில் நான் ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். தபாலாபீஸ் கவுன்டரில் வருஷம் முழுவதும் ஸ்டாம்ப் குத்துகிறவள். வீட்டுக்கு வந்தால் சமையல், ஞாயிற்றுக்கிழமை அப்பா. இவளுக்கு ஒரே ஒரு நாள் கொடுக்கலாம், ஒரு நாளில் உலகம் முழுகிவிடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் போனை அணைத்தேன். என் போனைப் படம் எடுப்பதற்காக ஃப்ளைட் மோடில் போட்டேன். "என் போன் எங்க?" என்றாள். "சார்ஜ் இல்ல, ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்" என்றேன்.

ஒன்றரை மணிக்கு ஏறினோம். மேடம், கப்பல் ஏறிய முதல் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ரூம் நம் பக்கத்து ரயில் பெர்த்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஜன்னல் வட்டமாக இருந்தது. அருள்மொழி அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "இட்லித் தட்டுக் குழி மாதிரி இருக்குங்க" என்றாள். சாப்பிடுகிற ஹாலில் தர்பூசணியில் அன்னம் செதுக்கி வைத்திருந்தார்கள். பிரியாணி இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். நாலரை மணிக்கு எல்லோரையும் மேலே கூட்டிவைத்து, கப்பல் முழுகினால் என்ன செய்ய வேண்டும் என்று லைஃப் ஜாக்கெட் மாட்டிக் காண்பித்தார்கள். நான் ஜாக்கெட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டதில் ஒரு குஜராத்தி குடும்பமே எனக்கு நண்பர்களாகிவிட்டது. கேப்டன் தொப்பி ஒன்று விலைக்கு இருந்தது, வாங்கிப் போட்டுக்கொண்டேன். எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். ஒன்றை மட்டும் கவனித்தேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரு தடவைகூடத் தலை சுற்றவில்லை.

கப்பல் கிளம்புவது ஆறு மணிக்கு. ஐந்தரை வாக்கில் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கீழே துறைமுகம், லாரிகள், கிரேன். ஏறி வந்த படிக்கட்டை இன்னும் எடுக்கவில்லை.

"உங்க போனக் குடுங்க, அப்பாவுக்கு வீடியோ போடறேன்" என்றாள்.

"இப்ப எதுக்கு?"

"இனிமே என்னாங்க பண்ணிடப் போறாரு. ஆறு மணின்னு போட்டுருக்கான், கரெக்டா கெளம்புதான்னு அப்பாவப் பாத்துச் சொல்லச் சொல்லலாம். கப்பலுக்கு டைம் கீப்பரா இருந்ததே இல்லல்ல அவுரு. ரொம்ப சந்தோஷப்படுவாரு."

"சிக்னல் இல்ல."

"கரையிலதான நிக்குது?"

"இரும்புக் கப்பல்ல ஏறாது. வெளிய இருந்து வர்றது அப்டியே வழுக்கி வுழுந்துடும்."

நான் பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்ப்பதால் இரும்பைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவள் அவள். "சரி, வந்து சொல்லிக்கலாம். கண்ணு கிண்ணு பட்டுடப் போவுது" என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனாள். போனாளா என்று பார்த்துவிட்டு ஃப்ளைட் மோடை எடுத்தேன். நான்கு கோடும் நின்றது. உடனே ஒரு மெசேஜ் விழுந்தது. "மாமா எங்க இருக்கீங்க, அப்பா வாசலையே பாத்துட்டு இருக்காரு." மறுபடியும் ஃப்ளைட் மோடில் போட்டேன். அவள் இரண்டு கோன் ஐஸோடு வந்தாள். எனக்கு சர்க்கரை என்பதால் என்னுடையதில் பாதியை அவளே சாப்பிட்டாள்.

ஆறு மணிக்குச் சரியாகக் கப்பல் கிளம்பியது. ஒரு நிமிடம்கூட லேட் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் அவள் போனைத் தானே வாங்கி ஆன் செய்தாள். மிஸ்டு கால்களைப் பார்ப்பதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் திறந்துகொண்டது. கண்ணீர் அஞ்சலி. மாமனாரின் யூனிஃபார்ம் போட்டோ, கீழே மகள் அருள்மொழி, மருமகன் இளவரசு என்று எங்கள் பெயரும் அச்சாகியிருந்தது. அவள் அழவில்லை. சூட்கேஸ்மேல் உட்கார்ந்து தேதியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நாங்கள் கப்பல் ஏறிய தேதி. அடக்கம் முந்தைய நாளே முடிந்திருந்தது.

கருமாதிக்குப் போனேன். யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. யாரும் திட்டவும் இல்லை, அதுதான் ஒரு மாதிரி இருந்தது. அருள்மொழி உள்ளேயிருந்து வரவில்லை. தில்லைநாதன் மட்டும் பந்தல் கம்பத்தோரம் வந்து நின்றான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

"ஒங்களுக்குத் தெரியணும் மாமா, அதான் சொல்றேன்" என்று ஆரம்பித்தான்.

நான் போனில் ஆலப்பாக்கம் சொன்ன பிறகு மாமனார் கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் கடந்து வருகிற ஊர்களை எண்ணத் தொடங்கியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துப் "புதுச்சத்திரம்" என்றிருக்கிறார். பிறகு "முட்லூர்". பிறகு "பாலம்". மணி ஒன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்திருக்கிறார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராக வாயில் பால் விட்டார்கள். மகளுக்கென்று ஒரு டம்ளரில் தனியாக வைத்திருந்தார்கள். ஆள் வரவில்லை, இரண்டு போனும் கிடைக்கவில்லை என்றதும், வழியில் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, அப்பாவைக் கட்டிலில் விட்டுவிட்டு தில்லைநாதன் பைக்கை எடுத்துக்கொண்டு ஆலப்பாக்கம் வரைக்கும் போயிருக்கிறான். ரோட்டோரப் பள்ளம் ஒன்றுவிடாமல் இறங்கிப் பார்த்திருக்கிறான். "எங்கியும் ஒங்க காரு இல்லன்னதும் சாமிக்கு நன்றி சொன்னேன் மாமா" என்றான்.

நான்கு மணிக்கு அப்பா மறுபடி கேட்டாராம். "வந்தாச்சா?"

"டயர் பஞ்சராம்ப்பா, வந்துடுவாங்க" என்று இவன் சொல்லியிருக்கிறான். அந்தக் குடும்பத்தில் அன்றைக்குத்தான் ஒருத்தன் முதன்முதலாக நேரத்தைப் பற்றிப் பொய் சொன்னான். அதுவும் எனக்காக.

"சரி. லேட்டுன்னு எழுது" என்றாராம். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஐந்து முப்பத்தைந்துக்கு முடிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். காலண்டரில் பதினாறு நாளாக அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. பென்சிலில் இரண்டு வார்த்தை. அக்கா, லேட். எத்தனை நிமிடம் என்று போடவில்லை.

மேடம், இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். லைன் கட் ஆகவில்லை. நான்தான் கட் செய்தேன். அதற்கு முன்னால் தில்லைநாதன் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. "மாமா, இது எப்பவும் போல இல்ல. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. பாக்க வேண்டியவங்க இன்னிக்குள்ள வந்து பாத்துடுங்கன்னு சொல்லிட்டாரு. பத்திரமா வாங்க." அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைக்கூடக் கேட்ட பிறகுதான் கட் செய்தேன். அதோடு, அந்தக் காற்றுக் குரலைக் கேட்ட நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தோரு வருடத்தில் அவர் "முப்பத்தஞ்சு நிமிஷம்" என்று முழுசாகச் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான். நிமிஷம் என்று சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.

ஹாலுக்கு வெளியே டாக்சி வரிசையாக நின்றது. பன்னிரண்டு இருபதுக்கு ஏறியிருந்தால் சாப்பிட, டீ குடிக்க எங்கேயும் நிறுத்தாமல் ஐந்து மணிக்குச் சிதம்பரம். அவர் இருந்தது ஐந்து முப்பத்தைந்து வரை. முப்பத்தைந்து நிமிடம் இருந்திருக்கும். இந்தக் கணக்கை அவரே போட்டிருந்தாலும் இதுதான் வந்திருக்கும். டாக்சிகூட வேண்டாம், ஐந்தரைக்கு அந்தப் போனைக் கொடுத்திருந்தால் போதும். நீங்கள் கேட்காததையும் சேர்த்து எழுதிவிட்டேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் நான் செய்தது அவளுடைய ஒரு நாள் சந்தோஷத்துக்காக. அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. சாட்சியாக அன்றைக்கு எடுத்த போட்டோக்களில் ஒன்றை இதோடு வைக்கலாம் என்று காலையிலிருந்து போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் நூற்றுப்பதினெட்டு. தொப்பியோடு நான். தர்பூசணி அன்னத்தோடு நான். தலைகீழ் ஜாக்கெட்டில் நான், குஜராத்திகளோடு நான், கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்கிற நான். எல்லாவற்றையும் எடுத்தது அவள். அவள் இருக்கிற படம் ஒன்றாவது இருக்கும். கிடைத்ததும் அனுப்பி வைக்கிறேன்.